காற்றும் கட்டுரையும்

தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனிடம் 'சுற்றுச்சூழல் தூய்மைக்கேடு' என்னும் தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை எழுதப் பணித்தால் அவன் தயங்குவதில்லை. 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்குவான். தொழிற்சாலைகள் கக்கும் புகை, வாகனங்கள் உமிழும் புகை, பொறுப்பற்ற மனிதரின் செயல் என மூன்று பத்திகளை வரிசையாக நிறுத்துவான். வான்சிறப்பு அதிகாரத்துக் குறள் ஒன்றைப் பொருத்தம் பாராமல் இடையில் செருகுவான். 'ஆகவே அனைவரும் ஒன்றுபட்டுச் செயல்பட வேண்டும்' என்று முடிப்பான். கையெழுத்தும் அழகாக அமைந்துவிட்டால் நல்ல மதிப்பெண்ணும் பெறுவான். அதே மாணவனிடம், 'இன்று காலை ஈப்போவின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு எவ்வளவு? அந்த எண் எதனை அளக்கிறது? ஈளை நோயுள்ள உன் வகுப்புத் தோழன் இன்று திடலில் ஓடலாமா?' என்று கேட்டால் வாய் திறவான். குற்றம் அவனுடையதன்று. அவன் கட்டுரையைச் சிவப்பு மையால் திருத்திய ஆசிரியருள்ளும் அவ்வெண்ணைப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலரே.

காற்றைப் பற்றி எழுதக் கற்பிக்கும் தமிழ்க்கல்வி, காற்றின் நிலையைப் படிக்கக் கற்பிக்கவில்லை. இது சிறு குறை என்று தள்ளத்தக்கதன்று. பேராக் மாநிலத்தில் 130க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, கித்தா மரங்களுக்கிடையே லயத்துப் பிள்ளைகளுக்கென எழுந்தவை. இன்று செம்பனைக்கும் நெடுஞ்சாலைக்கும் புதிய தாமான்களுக்கும் நடுவே நிற்பவை. அவற்றின் வகுப்பறைகளில் சன்னல்களே காற்றாடி. வெளிக்காற்று எதுவோ அதுவே உள்காற்று. குளிரூட்டியும் காற்றுத் தூய்மிப்பானும் உள்ள வீட்டுக் குழந்தைக்குக் குறியீட்டைப் படிக்கத் தெரியாவிடினும் சுவர் காக்கும். தோட்டத்திலிருந்து பெயர்ந்து மலிவு வீட்டில் குடியேறிய தொழிலாளியின் குழந்தைக்கு அறிவு ஒன்றே சுவர்.

அவ்வெண்ணின் வரலாற்றையே பலர் அறியார். 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகளின் புகையால் சரவாக் மாநிலத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில் கூச்சிங்கில் குறியீடு 800ஐத் தாண்டியது. 300ஐக் கடந்தாலே ஆபத்து எனக் கொள்ளும் அளவுகோலில் அது எத்தகைய எண் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அந்தப் பெரும்புகைக்குப் பின் நடந்ததுதான் வியப்பு. சுற்றுப்பயணிகள் அஞ்சி விலகுவர் என்னும் காரணத்தால், குறியீட்டு எண்களைப் பொதுமக்களுக்கு வெளியிடாமல் அரசு நிறுத்தி வைத்தது. காற்று அளக்கப்பட்டது, அளவு மறைக்கப்பட்டது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐக் கடந்து மீண்டும் நெருக்கடி நிலை வந்தபோதுதான் அம்முடிவு மாற்றப்பட்டு எண்கள் வெளிவந்தன. 2013 ஜூனில் மூவாரில் 746 எனக் குறியீடு ஏறியபோது நாடே அதனை உடனுக்குடன் அறிந்தது. இன்று நாடெங்கும் அறுபதுக்கு மேற்பட்ட நிலையங்களின் எண்களைச் சுற்றுச்சூழல் துறை மணிக்கு மணி வெளியிடுகிறது. கையிலுள்ள தொலைபேசியில் அதனைக் காணக் காசு வேண்டியதில்லை. அன்று எண்ணை மறைத்தது அரசாணை. இன்று திறந்து கிடக்கும் எண்ணைப் பாராமல் கடந்து போவதற்கு யாரைக் குறை சொல்வது?

எண்ணைப் பார்ப்பவரும் தவறாகப் பார்க்கின்றனர். பள்ளியில் 95 என்றால் சிறப்புத் தேர்ச்சி. ஆதலால் 'காற்றின் தரம் 95' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால், குழந்தை அதனை நல்ல மதிப்பெண் என்றே கொள்ளும். குறியீடு தரத்தை அளப்பதன்று, கேட்டை அளப்பது. எண் ஏற ஏறக் காற்று கெடுகிறது. 50 வரை நன்று. 51 முதல் 100 வரை மிதம். 101 முதல் 200 வரை உடல்நலத்திற்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகு கேடு. அதற்கு மேல் ஆபத்து. தமிழில் 'காற்றின் தரம்' என்று சொல்லாமல் 'தூய்மைக்கேட்டுக் குறியீடு' என்று முழுதாகச் சொல்வது சொல்லழகுக்காக அன்று, பொருள் மயங்காமைக்காக.

நிறத்திலும் ஒரு மயக்கம் உண்டு. மலேசியக் குறியீட்டில் நீலமே நன்று. பச்சை என்பது மிதம். பல கைத்தொலைபேசிச் செயலிகளோ அமெரிக்க அளவுகோலைக் காட்டுகின்றன. அங்கே பச்சைதான் நன்று, மஞ்சள் மிதம், சிவப்பு கேடு. ஒரே காற்றுக்கு இரு செயலிகள் இரு வேறு எண்களையும் இரு வேறு நிறங்களையும் காட்டும். பெற்றோர் ஒருவர் சிவப்பைக் கண்டு பதறிப் பள்ளிக்கு ஓடிவருவார். மற்றொருவர் பச்சையைக் கண்டு இருமும் பிள்ளையைத் திடலுக்கு அனுப்புவார். இருவருக்கும் விடை சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர் ஆசிரியர். 'எந்த அளவுகோல்?' என்று முதலில் கேட்கத் தெரிந்தவரே அவ்விடையைச் சொல்ல இயலும்.

இனி அவ்வெண்ணின் உள்ளே நோக்குதல் வேண்டும். நிலையத்துக் கருவிகள் ஆறு பொருள்களை அளக்கின்றன. 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன் ஆகியன அவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு கணிக்கப்பட்டு, அவற்றுள் மிக உயர்ந்தது எதுவோ அதுவே பொதுக் குறியீடாக அறிவிக்கப்படுகிறது. அஃது ஆறின் சராசரியன்று, ஆறனுள் மோசமானது. நுண்துகளே நுரையீரலின் அடியாழம் வரை சென்று குருதியிலும் கலக்கவல்லது. தலைமயிர் ஒன்றின் குறுக்களவில் அத்தகைய துகள்கள் இருபது, முப்பதை வரிசையாக அடுக்கலாம். அவ்வளவு கொடியதை மலேசியக் குறியீடு கணக்கில் சேர்த்தது 2018இல்தான். சிங்கப்பூர் 2014இலேயே சேர்த்துவிட்டது. ஆகவே 2018க்கு முந்திய எண்களையும் பிந்திய எண்களையும் அருகருகே வைத்து, 'காற்று முன்னிலும் கெட்டது', 'முன்னிலும் தேறியது' என்று மேடையில் முழங்குவோர் இரு வேறு படிகளால் அளந்த நெல்லை ஒப்பிடுகின்றனர்.

அனைத்தினும் முதன்மையானது காலம். துகள்களுக்கான குறியீடு அந்த நொடியின் நிலையன்று. கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. இதனை விளக்க அறிவியல் கூடம் வேண்டா. ஐந்தாம் ஆண்டுக் கணிதம் போதும். ஒரு கன மீட்டர் காற்றில் 18 மணி நேரம் 20 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்ததாகக் கொள்க. பின்னர்ப் புகை சூழ்ந்து 6 மணி நேரம் 200 மைக்ரோகிராம் இருந்ததாகக் கொள்க. பதினெட்டை இருபதால் பெருக்கினால் 360. ஆறை இருநூறால் பெருக்கினால் 1,200. கூட்டுத்தொகை 1,560. அதனை 24ஆல் வகுத்தால் 65. வெளியே குழந்தை உள்ளிழுப்பது 200; பலகையில் தெரியும் எண்ணுக்கு அடிப்படையோ 65. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! இதற்கு மறுதலையும் உண்டு. பெருமழை பெய்து காற்று கழுவப்பட்ட பின்னும் சராசரி இறங்கப் பல மணி நேரம் ஆகும். எண் உயரத்தில் நிற்கையிலேயே வானம் தெளிந்திருக்கும். கண்ணுக்கும் எண்ணுக்கும் முரண்பாடு தோன்றினால் 'எண் பொய்' என்று முடிவு கட்டுவோர் உளர். எண் பொய் சொல்வதில்லை. நேற்றையும் இன்றையும் சேர்த்துச் சொல்கிறது. கேட்போர் இன்றை மட்டும் கேட்டதாக எண்ணிக் கொள்கின்றனர்.

காலத்தைப் போலவே இடமும். பேராக்கில் நிலையான அளவையகங்கள் ஐந்து: ஈப்போவில் தாசெக், பெகோ என இரண்டு, தைப்பிங், ஸ்ரீ மஞ்சோங், தஞ்சோங் மாலிம் என மூன்று. சுங்கை சிப்புட்டிலுள்ள மாணவனுக்கும் தெலுக் இந்தானிலுள்ள மாணவனுக்கும் அவரவர் ஊரின் எண் கிட்டுவதில்லை. அருகிலுள்ள ஊரின் எண்ணே கிட்டுகிறது. நாட்டைச் சூழும் பெரும்புகைக்கு அது போதும். பள்ளிக்குப் பின்னால் குப்பை எரியும்போது அது போதாது. ஈப்போவின் எண் 60 என்று இருக்கையில், செம்மோரில் ஒரு வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே எரியும் நெகிழிப் பைகளின் புகை அந்த 60க்குள் அடங்காது. நிலையத்தின் எண்ணோடு தன் கண்ணையும் மூக்கையும் சேர்த்துப் படிக்கக் கற்பதே முழுமையான படிப்பு. மலையைப் பார்த்து அளக்கும் பழக்கம் ஒன்றை எந்தப் பள்ளியும் தொடங்கலாம். கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் குன்று தெரியாத பள்ளி அரிது. தெளிந்த நாளில் எந்தக் குன்று தெரிகிறது, மங்கிய நாளில் எது மறைகிறது என்று ஒரு மாதம் குறித்து, அதனைக் குறியீட்டோடு ஒப்பிட்டால், மாணவர்க்குத் தம் ஊருக்கேற்ற அளவுகோல் ஒன்று கிட்டிவிடும். பனியும் மழையும் அதே குன்றை மறைக்கும் என்பதையும் அவர்கள் அப்போதே கற்பர்.

ஈண்டுத் தமிழாசிரியர் ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். 'இவை அறிவியலாசிரியரின் வேலை. தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்பது அம்மறுப்பு. தமிழுக்கும் காற்றுக்கும் உள்ள தொடர்பைத் தமிழாசிரியருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை வந்ததே வருத்தத்திற்குரியது. வீசும் திசையைக் கொண்டே காற்றுக்குப் பெயரிட்ட மொழி இது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இந்நான்கு சொற்களையும் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் அவை தமிழகத்தின் நிலத்திலும் பருவத்திலும் பிறந்த சொற்கள் என்பதைச் சிந்திப்பதில்லை. பொதிகையிலிருந்து வரும் தென்றல் இனியது, ஐயமில்லை. பேராக்கில் ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. அக்காற்று மலாக்கா நீரிணையின் அப்பாலுள்ள சுமத்திராவைக் கடந்து வருகிறது. அங்கே வறண்ட கரிச்சதுப்பு நிலம் தீப்பற்றினால் அந்தத் தென்திசைக் காற்றே புகையைச் சுமந்து வரும் ஊர்தியாகிவிடுகிறது. செப்டம்பர் மாதத்து ஈப்போவில் அமர்ந்துகொண்டு, 'தென்றல் தவழ்ந்து வந்து நலம் பயந்தது' என்று எழுதும் மாணவன் தமிழையும் காட்டவில்லை, ஊரையும் காட்டவில்லை. திசையறிந்து காற்றை அழைத்த முன்னோரின் கூர்மையை அவனுக்குக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், பருவக்காற்று வரைபடத்தைத் தமிழ் வகுப்பில் விரித்தால் மொழிக்கு யாதோர் இழுக்கும் இல்லை.

'விடியற்காலைக் காற்று தூயது' என்பதும் அவ்வாறே கேள்வியின்றி ஏற்கப்படும் ஒரு தொடர். குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், காற்றசைவற்ற இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் வெப்பக்காற்று மேலேயும் அமைந்துவிட்டால், மூடியிட்ட பானைபோல் புகையும் தூசியும் கீழேயே தங்கிவிடும். வெயில் ஏறித் தரை சூடான பின்னரே அம்மூடி கலையும். ஆகவே புகைமூட்ட நாள்களில் 'வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்' என்று ஓட்டப் பயிற்சியைக் காலை ஏழு மணிக்கு வைப்பது எப்போதும் நன்மை தருவதன்று. ஓசோன் மட்டும் இதற்கு மாறாக நண்பகல் வெயிலில் மிகும். எந்த நேரம் நல்லது என்பதைப் பழமொழி சொல்லாது. அன்றன்றைய எண்கள் சொல்லும்.

அண்டை நாட்டின் மீது பழியைப் போட்டுவிட்டு அமைதி கொள்வோர்க்கும் ஒரு சொல். எல்லை கடந்த புகை உண்மைதான். அதனைத் தடுக்க 2002இல் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் உடன்படிக்கை கண்டன. இந்தோனேசியா அதனை ஏற்றுறுதி செய்ய 2014 வரை ஆயிற்று. அரசுகளின் வேகம் அத்தகையது. ஆனால் ஈப்போவின் காற்றில் ஆண்டு முழுதும் கலப்பது சுமத்திராவின் புகை மட்டுமா? சிம்பாங் பூலாய்ப் பகுதியில் மலை உடைக்கும் கற்சுரங்கங்கள் உள்ளன; கல் ஏற்றிய கனவுந்துகள் சாலையெங்கும் ஓடுகின்றன; தாசெக்கில் தொழிற்பேட்டை உள்ளது. இவை பெரியவர்களின் பொறுப்பு என்று விட்டாலும், பிற்பகல் ஒரு மணிக்குத் தமிழ்ப்பள்ளி வாயிலில் நிற்போர் யாவர்? பிள்ளையை அழைக்க வந்த பெற்றோர். பள்ளி வேன் ஓட்டுநர். பொறியை அணைக்காமல் கால்மணி நேரம் நிற்கின்றனர். அவ்வாகனங்களின் புகைக்குழாய்க்குப் பெரியவரின் மூக்கினும் முதலாம் ஆண்டுக் குழந்தையின் மூக்கே அருகில் இருக்கிறது. பொங்கலுக்கு முந்திய நாள் பழைய பாயையும் நெகிழிப் பொருளையும் வாசலில் எரித்துவிட்டு அதனைப் பண்பாடு என்பார் உளர். அறுவடைக் குடியினர் எரித்தது வைக்கோலும் ஓலையும்; இன்று எரிவது நஞ்சு. மலேசியச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்திருப்பதைத் தமிழ் வகுப்பில் சொன்னால் பண்பாடு குலைந்துவிடாது.

தமிழ்ச் சமுதாயம் கெட்ட காற்றை அறியாத சமுதாயமன்று. மூன்று தலைமுறைகள் அதிலேயே வாழ்ந்தன. தோட்டத்துப் புகைக்கூடத்தில் இரப்பர்த் தகடுகளை அடுக்கி, விறகுப் புகையில் நாள்கணக்கில் உலர்த்திய தொழிலாளி, கண் எரியக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தான். ஆலையில் பால் உறைய ஊற்றிய அமிலத்தின் நெடியும், பால் கெடாதிருக்க ஊற்றிய அமோனியாவின் நெடியும் அவன் சட்டையோடு லயத்துக்கு வந்தன. களைக்கொல்லி தெளித்த பெண்கள் காற்றின் எதிர்த்திசையில் நடந்து அந்தத் துளிகளையே சுவாசித்தனர். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லியை மலேசியா 2002இல் தடை செய்ய முடிவெடுத்து, 2006இல் அத்தடையைத் தளர்த்தி, 2020 சனவரி முதல் நாள்தான் முற்றாகத் தடுத்தது. அத்தனை ஆண்டுகளும் தெளித்தவர்களின் இருமலுக்கு லயத்தில் வழங்கிய பெயர்கள் 'சளி', 'இழுப்பு', 'குளிர் பட்டது' என்பன. டிரஸர் கொடுத்த மருந்துத் தண்ணீரோடு செய்தி முடிந்தது. காற்றை எவரும் அளக்கவில்லை. அளவில்லாத இடத்தில் குற்றச்சாட்டுக்கும் இடமில்லை.

அளந்தால் என்ன நேரும் என்பதற்கு ஈப்போவின் அருகிலேயே சான்று உண்டு. புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய அரிய மண் ஆலையின் கழிவில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. கதிரியக்கத்துக்கு நிறமில்லை, மணமில்லை. மூக்கை நம்பியிருந்தால் அவ்வூரார் எதனையும் நிறுவியிருக்க இயலாது. சப்பானிலிருந்து வந்த அறிஞர் சடாவோ இச்சிகாவா கருவி கொண்டு அளந்தார். அவ்வூரார் 1985இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1992 சூலையில் ஆலையை மூடுமாறு தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. ஆயினும் 1994இல் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. தோற்றும் வென்ற வழக்கு அது. அவ்வூரார் நீதிமன்றத்திற்குக் கண்ணீரை மட்டும் கொண்டு செல்லவில்லை. எண்களையும் கொண்டு சென்றனர். தோட்டத் தொழிலாளியின் புகைக்கூட இருமலுக்கு அத்தகைய எண் ஒன்றேனும் இருந்ததா?

'தேர்வில் வராத ஒன்றுக்கு நேரம் ஏது?' என்பது அடுத்த மறுப்பு. ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. மறுப்பு மட்டும் ஒழியவில்லை. 'சுற்றறிக்கை வந்தால் செய்வோம்' என்பது மூன்றாவது. இதுவே மிகத் தீயது. கல்வி அமைச்சின் நெறிப்படி, குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்பட வேண்டும். 200ஐ எட்டினால் பள்ளி மூடப்பட வேண்டும். 2019 செப்டம்பரில் நாடெங்கும் ஏறத்தாழ 2,500 பள்ளிகள் மூடப்பட்டு 17 இலட்சம் மாணவர் வீட்டிலிருந்தனர். நெறி நன்று, தேவையானது. ஆனால் நெறியைக் கடைப்பிடிப்பது வேறு, நெறிக்குப் பின் ஒளிந்துகொள்வது வேறு. 98 என்று பலகையில் இருக்கிறது. ஆதலால் போட்டி விளையாட்டு நடைபெறும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் கணக்கைப் படிக்கிறார், காற்றைப் படிக்கவில்லை. 98க்கும் 101க்கும் இடையே நுரையீரல் எந்த வேறுபாட்டையும் காண்பதில்லை. 24 மணி நேரச் சராசரி ஏறிக்கொண்டிருக்கும்போது 98 என்பது, இந்நேரத்துக் காற்று நூறுக்குரிய அளவையும் கடந்துவிட்டது என்பதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம். முந்திய மணிகளின் எண்களை வரிசையாகப் பார்த்தால் ஏறுமுகமா இறங்குமுகமா என்பது எவருக்கும் விளங்கும்.

'மிதம்' என்ற சொல்லையும் அளவுக்கு மேல் நம்புதல் ஆகாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகளின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமையும், 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமையும் கடத்தலாகாது. மலேசியாவின் 2020ஆம் ஆண்டுத் தரநிலை அவற்றை முறையே 15, 35 என வகுத்துள்ளது. நாட்டின் ஆண்டு வரம்பு உலக வரம்பைப் போல் மும்மடங்கு. நாட்டு வரம்புக்குள் இருப்பதால் மட்டும் காற்று நலமுடையது ஆகிவிடாது. குழந்தை தன் உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவரினும் மிகுதியான காற்றை உள்ளிழுக்கிறது. ஓடும்போது அது பன்மடங்காகிறது. ஈளை நோயுள்ள குழந்தைக்கு 'மிதம்' என்னும் நிலையிலேயே இழுப்பு வரலாம்.

ஆதலின் எந்த வகுப்பில் எந்தக் குழந்தைக்கு ஈளை நோய் உண்டு என்னும் பட்டியல், வருகைப் பதிவேட்டுக்கு நிகராக ஆசிரியரிடம் இருத்தல் வேண்டும். அக்குழந்தையின் இன்ஹேலர் அலுவலகத்துப் பூட்டிய அலமாரியில் இருந்து பயனில்லை. குழந்தையின் பையிலேயே இருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க இயலாத குழந்தைக்கும் உதடு நீலம் பாய்ந்த குழந்தைக்கும் மருந்தைக் கொடுத்தபடியே 999ஐ அழைத்தல் வேண்டும். பெற்றோர் வரட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

முகக்கவரியைப் பற்றியும் மூடநம்பிக்கை மிகுதி. நனைத்த கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. மருத்துவர் அணியும் மெல்லிய முகக்கவரி தும்மல் துளிகளுக்குரியது. அதன் ஓரங்களின் வழியே நுண்துகள் எளிதில் நுழையும். என்95 வகை, முகத்தோடு நன்கு பொருந்தினால் பயன் தரும். அது பெரியவரின் முகத்துக்கென அமைந்தது, சிறு குழந்தைக்குப் பொருந்துவது அரிது. ஆகவே 'முகக்கவரி அணிந்து ஓடுக' என்பது அறிவுரையாகாது. குழந்தைக்கு ஓட்டத்தை நிறுத்துவதே காப்பு. புகை சூழ்ந்த நாளில் வகுப்பறையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் துடைக்கலாம். திடலை நோக்கிய சன்னல்களையேனும் சாத்தலாம். வீட்டில் கதவை அடைத்துவிட்டு உள்ளே கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் ஏற்றினால் அடைத்ததன் பயன் போய்விடும். வெளிப்புகை தணிந்து, குறியீடு இறங்குமுகமான பின் சன்னல்களைத் திறந்துவிடவும் மறத்தலாகாது. மலிவான கையளவு கருவிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்று வாங்கலாம். ஈரப்பதம் மிக்க நாளில் அவை உண்மையினும் உயர்ந்த எண்ணைக் காட்டும் என்பதை அறிந்து, நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டே பயன்படுத்துதல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் அமைச்சின் ஆணையோ மானியமோ தேவையில்லை. பள்ளி வாயிலில் ஒரு கரும்பலகை. நாள்தோறும் ஏழரை மணிக்கு முன் இரு மாணவர் அதில் நிலையத்தின் பெயர், நேரம், எண், ஏறுமுகமா இறங்குமுகமா என்னும் நான்கையும் தமிழில் எழுதுவர். வாகனத்தில் வரும் பெற்றோரும் அதனைப் படிப்பர். ஆண்டிறுதியில் அக்குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, ஆசிரியர் புதிய கட்டுரைத் தலைப்பு ஒன்றைக் கொடுக்கலாம்: 'எங்கள் பள்ளியின் செப்டம்பர் மாதக் காற்று.' மனப்பாடக் கட்டுரைத் தொகுப்பு எதிலும் அதற்கு விடை இராது. மாணவன் தன் குறிப்பேட்டைத்தான் புரட்ட வேண்டும். எந்த நாளில் எந்தக் குன்று மறைந்தது, அன்று யார் பள்ளிக்கு வரவில்லை, விளையாட்டுப் பயிற்சி நடந்ததா என்பதைத்தான் எழுத வேண்டும்.